தி கிராசிங்

அமெரிக்கக் கலைஞர் பில் வயோலா (1951–2024) 1996-இல் உருவாக்கிய வீடியோ நிறுவல். இருட்டறையில் தொங்கும் திரையின் இருபுறமும் இரு காட்சிகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. இரண்டிலும் ஒரு மனிதன் தொலைவிலிருந்து நம்மை நோக்கி நடந்துவந்து நிற்கிறான். ஒருபுறம் காலடியில் துளிர்க்கும் சிறு நெருப்பு மேலேறி அவனை முழுதாக விழுங்குகிறது. மறுபுறம் உச்சந்தலையில் சொட்டத் தொடங்கும் நீர் பேரருவியாகி அவனை மறைக்கிறது. தீயும் நீரும் அடங்கும்போது அவன் அங்கே இல்லை.

இரண்டையும் ஒருசேரப் பார்க்க முடியாது. பார்வையாளர் திரையைச் சுற்றி நடந்தாக வேண்டும். படைப்பின் ஆழம் பெரிதும் இந்த அமைப்பில்தான் இருக்கிறது. ரசவாதிகள் உலையில் உலோகத்தைச் சுட்டும் கரைத்தும் தேடிய மாற்றத்தை வயோலா மனித உடலில் நிகழ்த்திக் காட்டுகிறார். அழிவாகத் தெரிவது விடுதலையாகவும் தெரிகிறது. இதற்குத் துணைநிற்பது தொழில்நுட்பம்: உயர்வேகத்தில் படமெடுத்து மெதுவாக ஓட்டுவதால், கண்ணுக்குத் தப்பும் கணங்கள் நீண்டு விரிகின்றன.

சிறுவயதில் ஏரியில் மூழ்கிப் பிழைத்தவர் வயோலா. நீர் அவருடைய படைப்புகளில் ஓயாமல் வருகிறது. 1980-81-இல் ஜப்பானில் ஜென் பயின்றபோதே சோனி நிறுவனத்தின் அட்சுகி ஆய்வகத்திலும் தங்கிப் பணியாற்றினார். ஜென், சூஃபி, கிறித்தவ மறைஞானிகளோடு, கொழும்பில் பிறந்த தமிழ் வம்சாவளிக் கலைச் சிந்தனையாளர் ஆனந்த குமாரசுவாமியின் எழுத்தும் அவரை ஈர்த்தது.

மனைவி கிரா பெரோவ் அவருடைய நெடுங்காலக் கூட்டாளி. இருவரும் லண்டன் புனித பவுல் பேராலயத்துக்காக உருவாக்கிய ‘மார்ட்டிர்ஸ்’ (2014), நிலம், காற்று, தீ, நீர் ஆகியவற்றை நான்கு திரைகளில் கையாள்கிறது.