மூன்று நாள் ஆரூடம்

கணித்தல் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு வீடுகள் உண்டு. ஜாதகம் கணிப்பவரும் அதனை ஆளுகிறார். கணக்கு எழுதுபவரும் ஆளுகிறார். அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டுள்ள நமக்கு, அறிக்கைகளில் வரும் தொகைகளை 'மதிப்பீடு' என்பதா, 'எதிர்பார்ப்பு' என்பதா, 'கணிப்பு' என்பதா என்ற ஐயம் அடிக்கடி எழும். நடந்து முடிந்ததை அளப்பது ஒன்று. நடக்கப்போவதை முன்கூட்டி உரைப்பது மற்றொன்று. இவ்விரண்டும் பிரித்தறிய இயலாதவாறு கலந்துவிட்ட தொழில் ஒன்று உண்டு. அது அமெரிக்கத் திரைப்படத் தொழில். கோடையில் வெளியாகும் பெரிய படம் ஒன்று முதல் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களில் எத்தனை கோடி டாலர் வசூலிக்கும் என்பதை, படம் வெளிவரும் முன்பே தொகை குறித்துச் சொல்லிவிடுகிறார்கள். இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது, எங்கே பலித்தது, எங்கே பொய்த்தது என்பதைச் சற்று ஆராய்வோம்.

கோடை என்றால் கொட்டகையில் கூட்டம் என்பது இன்றைய நிலை. தொடக்கத்தில் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. நாற்புறமும் அடைத்த மண்டபத்தில், ஜூன், ஜூலை மாதப் புழுக்கத்தில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருக்க எவர்தாம் விரும்புவர்? பல கொட்டகைகள் கோடை முழுவதும் கதவடைத்துக் கிடந்தன. 1925ஆம் ஆண்டு மே மாத இறுதியில், நியூயார்க் நகரின் ரிவோலி கொட்டகையில், வில்லிஸ் காரியர் என்ற பொறியியல் அறிஞர் தமது குளிரூட்டும் இயந்திரத்தை நிறுவினார். அன்று வந்தவர்கள் வழக்கம்போல் கையில் விசிறியோடு வந்து அமர்ந்தார்களாம். குளிர்ச்சி பரவப் பரவ, விசிறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தனவாம். இதனைக் காரியரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான கொட்டகைகள் ரிவோலியைப் பின்பற்றின. கோடைப் படம் என்ற வகைக்கு வித்து அன்று ஊன்றப்பட்டது எனலாம்.

கூட்டம் வந்தபின், வரப்போகும் கூட்டத்தை அளக்கும் ஆசையும் வந்தது. இதற்கு வழிகாட்டியது அரசியல். 1936ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது, 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற வாரப் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. அவர்களைவிட மிகச் சிலரையே, ஆயினும் ஆராய்ந்து தேர்ந்து வினவிய ஜார்ஜ் காலப் என்பவர், ரூஸ்வெல்ட் வெல்வார் என்றார். வென்றவர் ரூஸ்வெல்ட். பத்திரிகை செய்த பிழை யாது? தொலைபேசிப் பட்டியலையும் மோட்டார் வண்டிப் பதிவேட்டையும் பார்த்தே பெரும்பாலான முகவரிகளை அது திரட்டியிருந்தது. தொலைபேசியும் வண்டியும் இல்லாத ஏழை மக்கள் பெரும்பாலும் வினவப்படவில்லை. இந்தச் செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மேலே செல்லும்போது இது மீண்டும் பயன்படும்.

தேர்தலில் புகழ்பெற்ற காலப், 1940இல் ஆர்.கே.ஓ. என்ற படநிறுவனத்துக்காகத் திரைப்பட ரசிகர்களை ஆராயத் தொடங்கினார். ஒரு படத்தின் தலைப்பையும், கதைச் சுருக்கத்தையும், நடிகர் பெயர்களையும் சொல்லி, 'இதைப் பார்க்க விரும்புவீர்களா?' என்று மக்களைக் கேட்டு எழுதுவது அவரது முறை. ஆனால் முதல் மூன்று நாள் வசூல் என்ற பேச்சு அன்று எழவில்லை. எழ வேண்டிய தேவையும் இல்லை. அக்காலத்தில் படம் ஒன்று முதலில் பெருநகரங்களில் சில கொட்டகைகளில் வெளியாகும். பின்பு சிறு நகரங்களுக்குச் செல்லும். மாதக் கணக்கில் ஊர் ஊராக நடந்து செல்லும். பார்த்தவர் பாராதவரிடம் சொல்ல, அச்சொல் படத்துக்கு முன்னே ஓடும். நல்ல படத்துக்குக் காலம் துணை நின்றது.

இந்த நடையை ஓட்டமாக மாற்றிய ஆண்டு 1975. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் என்ற இளம் இயக்குநர் சுறாமீனைப் பற்றி எடுத்த 'ஜாஸ்' என்ற படம் அவ்வாண்டு ஜூன் 20ஆம் நாள் 409 கொட்டகைகளில் ஒரே சமயத்தில் வெளியாயிற்று. அதற்கு முந்திய இரவுகளில், தொலைக்காட்சியில் மக்கள் மிகுதியாகப் பார்க்கும் நேரமெல்லாம் அதன் விளம்பரமே. முதல் மூன்று நாட்களில் ஏறத்தாழ 70 லட்சம் டாலர் வசூலாயிற்று. ஒரே நாளில் நாடெங்கும் வெளியிட்ட படங்கள் அதற்கு முன்னரும் உண்டு. எனினும் விளம்பரமும் வெளியீடும் கைகோத்தால் முதல் வாரத்திலேயே முதலைப் பெரும்பாலும் மீட்கலாம் என்ற பாடத்தை அனைவரும் கற்றது இப்படத்தால்தான்.

பாடம் கற்றவர்களுக்கு இரண்டே ஆண்டுகளில் சோதனை வந்தது. ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய 'ஸ்டார் வார்ஸ்' 1977 மே 25ஆம் நாள் வெளியானபோது அதை ஏற்ற கொட்டகைகள் 32 மட்டுமே. கொட்டகைக்காரர்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேறொரு காதல் கதைப் படத்தை மிகவும் வேண்டியவர்களிடம், இதையும் சேர்த்து எடுத்துக்கொண்டால்தான் அது கிடைக்கும் என்று தயாரிப்பு நிறுவனம் வற்புறுத்தியதாகத் திரைப்பட வரலாற்றாசிரியர் கூறுவர். இயக்குநரே தோல்வியை எதிர்பார்த்து ஹவாய்த் தீவுக்குச் சென்றுவிட்டார். அந்தப் படம் அவ்வாண்டு முடிவதற்குள் 'ஜாஸ்' படத்தின் வசூலையும் விஞ்சியது. அந்தக் காதல் கதையை இன்று நினைப்பார் சிலரே.

இத்தகைய பிழைகள் இனி நேரக்கூடாது என்ற எண்ணம் வலுப்பெற்ற வேளையில், 1978இல், கருத்துக் கணிப்புத் தொழிலில் பயின்ற ஜோசப் ஃபாரல் என்பவர் 'நேஷனல் ரிசர்ச் குரூப்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். படம் வெளிவரச் சில வாரங்கள் இருக்கும்போதே மக்களைத் தொலைபேசியில் அழைத்துச் சில கேள்விகள் கேட்பார்கள். வரப்போகும் படங்களில் எவை உங்கள் நினைவுக்கு வருகின்றன? இப்படத்தின் பெயரைக் கேள்விப்பட்டதுண்டா? பார்க்க உறுதியாக விருப்பம் உண்டா? இவ்வாரப் படங்களில் உங்கள் முதல் தேர்வு எது? விடைகளை ஆண், பெண் எனவும், 25 வயதுக்குக் கீழ், மேல் எனவும் நான்கு கட்டங்களாகப் பிரிப்பர். இதேபோன்ற பழைய படங்களின் எண்களோடு ஒப்பிடுவர். கொட்டகைகளின் எண்ணிக்கை, விடுமுறை, போட்டிப் படங்கள் ஆகியவற்றைக் கூட்டிக் கழிப்பர். இறுதியில் ஒரு தொகை பிறக்கும். இன்று தொலைபேசியின் இடத்தை இணையம் பெரிதும் பிடித்துக்கொண்டது. முன்பதிவான டிக்கெட்டுகளின் கணக்கும் சேர்ந்துகொண்டது. அடிப்படைக் கேள்விகள் மாறவில்லை.

இம்முறையின் இயல்பை நாம் நன்கு உணர வேண்டும். மேற்கண்ட கேள்விகளில் ஒன்றேனும் 'படம் நன்றாக இருக்கிறதா?' என்று கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, எவரும் இன்னும் பார்க்கவில்லையே! ஆகவே முன்கணிப்பு அளப்பது படத்தை அன்று. விளம்பரம் இதுவரை மக்கள் மனத்தில் விதைத்துள்ள ஆசையையே அளக்கிறது. ஏற்கெனவே அறிமுகமான கதையின் இரண்டாம், மூன்றாம் பாகத்துக்கு அது ஓரளவு பொருந்துவதும், புதிய முயற்சியின் முன் தடுமாறுவதும் இதனால்தான்.

1980களில் வசூல் எண்கள் தொழிற் பத்திரிகைகளைக் கடந்து பொதுமக்களின் செய்தியாயின. 1989ஆம் ஆண்டுக் கோடை ஒன்றிலேயே முதல் மூன்று நாள் சாதனை மும்முறை முறியடிக்கப்பட்டது. மூன்றாவதாக வந்த 'பேட்மேன்' 4 கோடி டாலரைத் தாண்டியது. 2002 மே மாதத்தில் 'ஸ்பைடர்மேன்' 11 கோடியைக் கடந்து, மூன்று நாளில் 10 கோடியை எட்டிய முதற்படம் ஆயிற்று. இதில் ஒரு விந்தை உண்டு. ஞாயிறு வசூல் என்று செய்தியில் வரும் தொகை ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வெளியிடப்படுகிறது. மாலைக் காட்சிக்கு மக்கள் வீட்டைவிட்டுப் புறப்படும் முன்பே, அவர்கள் கொடுக்கப்போகும் பணம் கணக்கில் ஏறிவிடுகிறது! சரியான தொகை திங்களன்று வரும்; அதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டிருக்கும்.

தீர்ப்பு என்ற சொல்லை அறிந்தே பயன்படுத்துகிறோம். எதிர்பார்த்தது 4 கோடி, வந்தது 3 கோடி என்றால், 3 கோடி டாலர் கொடுத்துப் பார்த்த மக்கள் மறக்கப்படுகின்றனர். வராத 1 கோடியே செய்தியாகிறது. படம் தோல்வி என்ற பேச்சு பரவ, அடுத்த வாரம் கொட்டகைகள் குறைகின்றன. இவ்வாறு ஆரூடம், தானே தன்னை மெய்ப்பித்துக்கொள்கிறது. 1982இல் 'ஈ.டி.' என்ற படம் முதல் மூன்று நாட்களில் பெற்றது 1 கோடியே 18 லட்சம். அம்முதல் ஓட்டம் முடியுமுன் அது ஈட்டியது 35 கோடிக்கு மேல், அஃதாவது 30 மடங்கு. 2019இல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' மூன்று நாட்களில் 35 கோடிக்கு மேலும், அமெரிக்காவிலும் கனடாவிலும் மொத்தமாக 85 கோடிக்கு மேலும் ஈட்டியது, இது இரண்டரை மடங்கே. மாதக் கணக்கில் நடந்த வாழ்வு மூன்று நாளில் சுருங்கிய வரலாறு இவ்விரு எண்களில் அடங்கியிருக்கிறது.

இந்த ஆரூடத்தைச் சந்தைச் சரக்காக்கவும் சிலர் முயன்றனர். படங்களின் வருங்கால வசூலின்மீது முன்பேர வணிகம் நடத்த 2010இல் இரு சந்தைகள் அனுமதி பெற்றன. படத் தொழிலினர் கொதித்தெழுந்தனர். அதே ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் அதற்குச் சட்டத் தடை விதித்தது. அத்தடை எந்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது தெரியுமா? வெங்காயச் சட்டத்தில்! 1955-56இல் சிகாகோ சந்தையில் வெங்காயத்தை முடக்கிச் சிலர் ஆடிய சூதாட்டத்தால் உழவர் நலிவுற, 1958இல் வெங்காய முன்பேர வணிகமே தடுக்கப்பட்டிருந்தது. வெங்காய விலையின் வலிமையை நன்கறிந்த நம் நாட்டவர்க்கு, வெங்காயத்தின் பக்கத்தில் சினிமா அமர்ந்த இச்செய்தி சுவையளிக்கும்.

இனி, முன்னர் நினைவில் வைக்க வேண்டிய செய்திக்கு வருவோம். ஆரூடம் மிகுதியும் தவறிய இடங்களைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படுகிறது. 2011இல் பெண்களை முன்னிறுத்திய 'ப்ரைட்ஸ்மெய்ட்ஸ்' எதிர்பார்ப்பை விஞ்சியது. 2015 ஆகஸ்டில் கறுப்பின இசைஞர்களின் கதையான 'ஸ்ட்ரெயிட் அவுட்டா காம்ப்டன்' மூன்று நாட்களில் 6 கோடி ஈட்டி, கணித்தவர்களைத் திகைக்க வைத்தது. 2023 ஜூலையில், கிரெட்டா கெர்விக் என்ற பெண்மணி இயக்கிய 'பார்பி' படத்துக்கான கணிப்பை வாரந்தோறும் உயர்த்திக்கொண்டே வந்தனர். அத்தனை உயர்த்தியும் போதவில்லை. வந்தது 16 கோடிக்கு மேல். 2024 ஜூனில் குழந்தைகளும் பெற்றோரும் திரண்ட 'இன்சைட் அவுட் 2' படத்துக்கு 8, 9 கோடி என்று பேசினர். வந்தது 15 கோடிக்கு மேல். பெண்கள், கறுப்பின மக்கள், குழந்தைகளோடு வரும் குடும்பத்தார் ஆகியோர் எப்போதும் இருந்தவர்களே. அவர்களுக்கென்று எடுத்த படங்கள் சிலவே ஆனதால், ஒப்பிடப் பழைய எண்கள் இல்லை. எண் இல்லாததால் ஆளே இல்லை என்று கொண்டனர். 1936இல் தொலைபேசி இல்லாதவனை மறந்த பிழையின் மறுபிறவி இது.

சொந்த மாநிலத்தை விட்டு வந்து வாழும் நமக்கு இது புரியாத செய்தியன்று. தமிழ்ப் படம் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி ஒன்று போதும் என்று வடநாட்டு நகரங்களின் கொட்டகைக்காரர்கள் கணித்த காலம் ஒன்று இருந்தது. மாதுங்காவிலும் கரோல்பாக்கிலும் குடியிருந்த நம் மக்கள் எத்தனை பேர், எத்தனை மைல் பயணம் செய்து வருவார்கள் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லவில்லை. அந்தக் காலை நேரத்தில், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, இடம் கிடைக்காமல் திரும்பியவர்கள் நம்முள் பலர் உண்டு. அந்தக் கணக்கில் அவர்கள் ஏறவே இல்லை.

ஆகவே வசூல் கணிப்பைப் படிக்கும்போது அதனை வெறுக்க வேண்டியதில்லை. வேதவாக்காகக் கொள்ளவும் வேண்டியதில்லை. தொகையைக் கண்டவுடன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம்: இதைச் சொல்லுமுன் யாரை வினவினார்கள், யாரை வினவாமல் விட்டார்கள்? திங்கட்கிழமை வரும் எண்ணைக் காட்டிலும் இக்கேள்வியின் விடை நமக்கு மிகுதியாகக் கற்பிக்கும்.