மண்புரவியும் கோயில்காடும்

முதுகுளத்தூர் உள்ளிட்ட இராமநாதபுரச் சீமையில், ஐயனாருக்கு நேர்ந்துகொண்டு சுடுமண் குதிரைகளைச் செய்து ஊர்வலமாகக் கொண்டுசென்று நிறுத்தும் புரவியெடுப்பு என்னும் வழக்கம், மண்ணையும் மரத்தையும் ஒருசேரச் சார்ந்து வளர்ந்ததாகும். விழாவுக்கு நாள் குறித்ததும் ஊரார் அளிக்கும் ஒரு பிடி மண்ணை, வேளார் எனப்படும் குயவர் பெற்றுக்கொள்வது 'பிடிமண்' எனப்பட்டது. அதன் பின்னரே அவர்கள் களிமண்ணுடன் மணலும் உமியும் சேர்த்துப் பிசைந்து, கால்களை உருளைகளாக நிறுத்தி, அவை சற்று இறுகியபின் உள்ளீடற்ற உடலையும் கழுத்தையும் படிப்படியாக எழுப்பினர். சூட்டில் உமி எரிந்து நுண்துளைகளை விட்டுச்செல்வதால் பருத்த உருவமும் வெடிக்காமல் வெந்தது. இவ்வறிவு கற்சிற்பியரின் அறிவுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

குதிரைகள் நின்ற இடம் பெரும்பாலும் கோயில்காடு, அதாவது தெய்வத்துக்கு உரியதெனக் கருதி மரம் வெட்டாமல் ஊரார் காத்த சோலை. பழைய உருவங்கள் பழுதுபார்க்கப்படாமல் அம்மர நிழலிலேயே உதிர்ந்து மண்ணாக விடப்பட்டன.

கோயில்காட்டில் மரங்கள் இவ்வாறு காக்கப்பட்டன; அதற்கு வெளியே நிலை வேறு. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட சீமைக்கருவேலம், 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, விறகாகவும் கரியாகவும் ஏழைகளுக்கு வருவாய் தந்தபோதிலும், இராமநாதபுரம் மாவட்டத்தின் கண்மாய்களிலும் தரிசுகளிலும் பரவி நாட்டு மரங்களின் இடத்தைப் பறித்தது. முதுகுளத்தூரை அடுத்த சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 1989இல் பறவைகள் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் வரிசையில், சேர்க்கப்பட்டன. அங்கு வரும் கொக்கு, நாரை முதலிய பறவைகள் கூடு கட்டுவதற்கு நாடுவது நாட்டுக்கருவேல மரங்களையே.