நரம்பு சுருட்டலும் ஒரு ஊசியின் கதையும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எட்டு மணி நேர ஷிப்டை நின்றபடியே முடித்துவிட்டு, புறநகர் ரயிலில் உட்கார இடம் கிடைக்காமல் மறுபடியும் நின்றுகொண்டே வருபவர்களின் கால்களைக் கவனித்திருக்கிறீர்களா? சிலருக்குக் கெண்டைக்காலில் பச்சையும் நீலமுமாகப் புடைத்து, மண்புழு போல நெளிந்து கிடக்கும். நம்மூரில் இதற்கு "நரம்பு சுருட்டல்" என்று பெயர். பெயரே தப்பு! சுருண்டிருப்பது நரம்பு அல்ல; ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை. டாக்டர்கள் சொல்வது வெரிகோஸ் வெயின்.

காலில் இருந்து ரத்தம் மேலே ஏற வேண்டும் அல்லவா? நடக்கும்போது கெண்டைச்சதை சுருங்கி அதை மேலே தள்ளும். திரும்ப இறங்காமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கும். அசையாமல் நின்றால் சதைக்கு வேலை இல்லை, ரத்தம் தேங்குகிறது. வால்வுகள் பழுதானால் சிரை வீங்கிச் சுருள்கிறது. பரம்பரை, வயது, கர்ப்பம், உடல் பருமன் ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. அப்படியே விட்டால் சிலருக்குக் கணுக்காலுக்கு மேலே ஆறாத புண் வரும். புண் வந்தால் வேலை போகும், சம்பளமும் போகும்.

கத்தி வைக்காமல் ஊசியிலேயே இதைச் சரிசெய்யும் முறைக்கு ஸ்கிளிரோதெரபி என்று பெயர். இதன் கதை 1853-ல் பிரான்சின் லியோன் நகரில் சூடுபிடிக்கிறது. பிரவாஸ் என்ற மருத்துவர் வெள்ளியில் ஒரு சிரிஞ்சு செய்யவைத்தார். அவர் நோக்கம் வேறு: வீங்கிய தமனிக்குள் இரும்பு குளோரைடைச் செலுத்தி ரத்தத்தை உறையவைப்பது. அதே ஆண்டில் அவர் இறந்துபோனார். மற்றவர்கள் அதே மருந்தை வீங்கிய சிரைகளில் ஏற்றிப் பார்த்தார்கள். அடுத்து அயோடினும் டானினும் வந்தன. கிருமி பற்றிய அறிவே இல்லாத காலம்! சீழ், காய்ச்சல், மரணம் என்று போனது. 1894-ல் அதே லியோனில் கூடிய மருத்துவர்கள் இந்த முறையே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அதைத் திரும்பக் கொண்டுவந்தது, யாரும் எதிர்பாராத ஒரு நோய்: சிபிலிஸ். அதற்காகக் கையில் மருந்து ஏற்றியபோது, ஊசி போட்ட சிரை இறுகி அடைபட்டுப்போவதைக் கவனித்தார்கள். கெடுதல் என்று நினைத்ததையே மருந்தாக்கினால் என்ன? சிகார்டு என்ற பிரெஞ்சு மருத்துவர் 1920 வாக்கில் சோடியம் சாலிசிலேட்டை வெரிகோஸுக்குப் பயன்படுத்தினார். 1946-ல் சோடியம் டெட்ராடெசில் சல்பேட் வந்தது. இது ஏறக்குறைய சோப்பு இனம். சிரையின் உள் தோலைப் புண்ணாக்கும். சுவர்கள் ஒட்டி, நாளடைவில் நார் போலாகிவிடும். ரத்தம் வேறு நல்ல சிரை வழியாகப் போய்விடும். 1960-களில் டப்ளினைச் சேர்ந்த ஃபீகன், ஊசிக்குப் பிறகு காலை இறுக்கிக் கட்டி நடக்கச் சொன்னார்.

2000 வாக்கில் இத்தாலியின் டெஸ்ஸாரி காட்டிய வழிதான் சுவாரசியம். இரண்டு சிரிஞ்சு, நடுவே ஒரு மூவழிக் குழாய். மருந்தையும் காற்றையும் இப்படியும் அப்படியும் தள்ளினால் நுரை தயார்! நுரை ரத்தத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டுச் சிரைச்சுவரில் படியும், மருந்தும் குறைவாகச் செலவாகும். தோலில் கறை, அரிதாக ஆழ்சிரையில் ரத்தக்கட்டு போன்ற பக்கவிளைவுகள் உண்டு. அடைத்த சிரை போனாலும், அதே வேலையைத் தொடர்பவருக்குப் பக்கத்துச் சிரை புடைக்கலாம்.

அதனால் கதை ஆஸ்பத்திரியோடு முடியவில்லை. நிற்கும் தொழிலாளிக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவே சொன்னது. கடை ஊழியர்களுக்கு அந்த உரிமை கேரளத்தில் 2018-லும், தமிழ்நாட்டில் 2021-லும்தான் கிடைத்தது. ஜவுளிக்கடைப் பெண்கள் 73 வருடம் பிந்திவிட்டார்கள். ஆனால் இரண்டு சட்டங்களும் சொல்வது, வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்றுதான். கன்வேயர் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் அந்த வாய்ப்பு எப்போது வரும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.