பெல்ஜிய நாட்டுப்புற வடிசாலைகள்: மரபும் அதன் பொருளாதார அடித்தளமும்

பெல்ஜிய நாட்டின் பியரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் தொன்மையையே முதலிற் குறிப்பிடுவர். வயல்களின் நடுவே பழைய செங்கற் கட்டடம், உள்ளே மரப்பீப்பாய்கள், தலைமுறை தலைமுறையாக மாறாது வந்த செய்முறை என அமையும் இச்சித்திரமே பிறநாட்டாரை அந்நாட்டின்பால் ஈர்த்துள்ளது. 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாட்டை மானிடத்தின் மரபுரிமைகளுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டமை இவ்வீர்ப்புக்குக் கிடைத்த அங்கீகாரம் எனலாம். மதுவின் நன்மை தீமை இக்கட்டுரையின் பொருளன்று. மாறாத மரபு எனப்படுவது எத்தகைய நிர்ப்பந்தங்களால் உருவானது என்பதே இங்கு நோக்கப்படுகின்றது.

தென்மேற்கிலுள்ள எய்னோ மாகாணத்தில் பியர் வடித்தல் நெடுங்காலம் தனித்தொழிலாக இருக்கவில்லை. அது விவசாயத்தின் ஓர் அங்கமாகவே விளங்கிற்று. கோடை வெப்பத்தில் நொதித்தல் கட்டுக்கடங்காது போகும். வயல்வேலைக்கும் ஆட்கள் போதார். ஆதலின் குளிர்காலத்தில் வடித்துச் சேமித்த பியர் கோடையில் வயலில் உழைத்தோருக்கு வழங்கப்பட்டது. 'பருவம்' எனப் பொருள்படும் சேசோன் என்னும் பெயர் இவ்வழக்கத்தினால் வந்ததென்பர். எஞ்சிய தானியச் சக்கை மாடுகளுக்குத் தீனியாயிற்று; மாட்டெரு வயலுக்குத் திரும்பிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் குளிரூட்டும் இயந்திரம் வந்தபோது பருவத்தின் கட்டுப்பாடு தளர்ந்தது. பண்ணை வடிசாலையின் பொருளாதார நியாயமும் உடன் தளர்ந்தது.

சுவையை உருவாக்கியதில் அரசிறைக்கும் பங்குண்டு. பெல்ஜியம் நெதர்லாந்து இராச்சியத்தின் பகுதியாக இருந்த 1822இல் இயற்றப்பட்ட சட்டம், தானியத்தைச் சுடுநீருடன் கலக்கும் தொட்டியின் கொள்ளளவுக்கேற்ப வரி விதித்தது. தொட்டியினுள் எவ்வளவு தானியம் இடப்படுகின்றது என்பது வரியாளனின் கவலையன்று. வடிப்போர் சிறிய தொட்டியை விளிம்புவரை நிரப்பினர். கலங்கிய சாற்றை எடுத்து வேறு பாத்திரங்களிற் கொதிக்கவைத்தனர். பிரசெல்ஸ் நகரையும் அதனை அடுத்த சென் நதிப் பள்ளத்தாக்கையும் சேர்ந்த லம்பிக் பியர், முளைகட்டாத கோதுமையைப் பெருமளவு சேர்த்து, காற்றிலும் மரத்திலும் உள்ள மதுவங்களால் தானாக நொதிக்க விடப்படுவது. அதன் விசித்திரமான கலங்கற்சாற்று முறையை இவ்வரியுடன் தொடர்புபடுத்தி ஆய்வாளர் விளக்குவர். தானியத்தின் நிறைக்கு வரி செலுத்தும் முறை 1885இலேயே வந்தது. இன்று மூதாதையரின் இரகசியம் எனப் போற்றப்படுவதன் ஒரு பகுதி, வரியைத் தவிர்க்க முயன்றவனின் சாமர்த்தியமேயாம்.

இருபதாம் நூற்றாண்டு நாட்டுப்புற வடிசாலைகளுக்குக் கொடியதாக அமைந்தது. முதலாம் உலகப்போரின்போது ஆக்கிரமித்த ஜேர்மனியர் செப்புக் கொப்பரைகளைக் கைப்பற்றிச் சென்றனர். 1900ஆம் ஆண்டளவில் 3,000க்கும் மேற்பட்டனவாக இருந்த வடிசாலைகள் 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 150 ஆகக் குறைந்தன. எமில் வண்டர்வெல்டே என்னும் சோசலிச அமைச்சரின் 1919ஆம் ஆண்டுச் சட்டம், தொழிலாளரைச் சாராயத்திலிருந்து மீட்கும் நோக்குடன் மதுச்சாலைகளில் அதன் விற்பனையைத் தடைசெய்தது. அது 1983 வரை நிலைத்தது. அவ்விடத்தை நிரப்பவே கடும் பியர்கள் பெருகின என்பது பொதுவான விளக்கம். ஒழுக்கச் சட்டமொன்று கடும் பியரின் புகழுக்கு வித்திட்டது நகைமுரணே. துர்ப் கிராமத்தின் பண்ணை வடிசாலை 1920இல் டியுபொன் குடும்பத்தின் கைக்கு வந்த காரணமும் கருதத்தக்கது: விவசாயஞ்செய்யக் கனடாவுக்குப் புறப்பட எண்ணிய மகனைத் தடுத்துவைக்கவே தந்தை அதனை வாங்கினார். மரபைக் காப்பது அவரது நோக்கமன்று.

மரபு அறுந்து மீண்டும் முடியப்பட்டமைக்கு ஹூகார்டன் சிறந்த உதாரணமாகும். 18ஆம் நூற்றாண்டில் 30க்கும் மேற்பட்ட வடிசாலைகள் இருந்த அவ்வூரின் கடைசி வெள்ளைப் பியர் வடிசாலை 1950களில் மூடப்பட்டது. இளமையில் அதில் உதவிசெய்து பழகிய பால் விநியோகிப்பாளர் பியேர் செலிஸ், கோதுமை, கொத்தமல்லி, உலர்ந்த தோடம்பழத்தோல் ஆகியவற்றைக் கொண்டு 1966இல் அப்பியரை மீட்டெடுத்தார். 1977இல் ஆங்கில எழுத்தாளர் மைக்கல் ஜாக்சன் (பெயரொத்த பாடகர் அல்லர்) வெளியிட்ட நூல் இத்தகைய பியர்களை வெளியுலகுக்கு அறிமுகஞ்செய்தது. 1985இல் தீ செலிசின் வடிசாலையை அழித்தது. மீளக்கட்டப் பணந்தந்த பெருநிறுவனத்தின் வசமே வடிசாலையும் ஈற்றிற் சென்றது. செலிஸ் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குச் சென்று 1992இல் புதிதாக வடிக்கத் தொடங்கினார். 2005இல், அப்போது இன்பெவ் எனப்பட்ட நிறுவனம் ஹூகார்டன் உற்பத்தியை லியேஜ் நகரருகேயுள்ள ஜுப்பிலுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. தொழிலாளரும் ஊராரும் எதிர்த்தெழுந்தனர். 2007இல் நிறுவனம் அம்முடிவைக் கைவிட்டது. ஊர்ப்பெயர் போத்தலில் இருக்க, பியர் வேற்றூரில் வடிக்கப்படின் வாங்குவோர் ஏற்பரோ என்ற ஐயம், கணக்குப் பார்க்கும் முதலாளிகளுக்கும் எழாமலிருந்திராது.