உண்ணும் பழக்க வினாத்தாள்களும் இந்தியத் தழுவலும்

உண்ணும் பழக்க வினாத்தாள் என்பது ஒருவர் எவ்வளவு உண்கிறார் என்பதை அல்லாமல், எந்த மனநிலையில் உண்கிறார், ஏன் உண்ணாமல் இருக்கிறார் என்பதை அறிய உதவும் கருவி ஆகும். உடல் பருமன், உண்ணல் கோளாறுகள் ஆகியவற்றின் ஆய்விலும் மருத்துவத்திலும் இது பயன்படுகிறது. மேலைநாடுகளில் உருவான இவ்வினாத்தாள்களை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது என்பதை இந்திய அனுபவம் காட்டுகிறது.

தோற்றம்

கனடாவின் டொராண்டோ நகரில் டேவிட் கார்னர், பால் கார்ஃபிங்கெல் ஆகியோர் 1979இல் 40 வினாக்கள் கொண்ட உண்ணல் மனப்பாங்குச் சோதனையை வெளியிட்டனர். 1982இல் அது 26 வினாக்களாகச் சுருக்கப்பட்டது. பெரும்பாலான வினாக்களுக்கு 'எப்போதும்' என்றால் 3, 'வழக்கமாக' என்றால் 2, 'அடிக்கடி' என்றால் 1 மதிப்பெண். மொத்தம் 20 அல்லது அதற்கு மேல் பெற்றவரை மருத்துவர் நேரில் ஆராய வேண்டும்.

அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட், சாமுவேல் மெசிக் ஆகியோர் 1985இல் 51 வினாக்கள் கொண்ட மற்றொரு வினாத்தாளை உருவாக்கினர். உணவுக் கட்டுப்பாடு, கட்டுப்பாட்டை இழத்தல், பசி ஆகிய மூன்றையும் அது அளந்தது. பருமனானவர்களின் விடைகளை ஆராய்ந்த சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2000இல் அதை 18 வினாக்களாகக் குறைத்தனர். இவ்வினாத்தாளின் சுருங்கிய வடிவங்கள் துருக்கி உள்ளிட்ட பல மொழிகளுக்குத் தழுவப்பட்டுள்ளன.

விரதமும் மதிப்பெண்ணும்

ஐப்பசி மாதத்தில் திருச்செந்தூர் முருகன் கோயிலில் கந்த சஷ்டி விழா நடைபெறும். பக்தர்கள் பலர் கோயில் வளாகத்திலேயே தங்கி ஆறு நாள் விரதம் இருப்பர். ஆறாம் நாள் கடற்கரையில் சூரசம்ஹாரம் நிகழும். அந்நாட்களில் ஒரு பக்தரிடம் இச்சோதனையைக் கொடுத்தால் என்ன ஆகும்? பசித்தும் உண்ணாதிருத்தல், உணவில் தன்னடக்கம், சோற்றைத் தவிர்த்தல் ஆகியவை பற்றிய வினாக்களுக்கு அவர் 'எப்போதும்' என்றே விடை தரக்கூடும். மதிப்பெண் ஏறும், ஆனால் அவர் நோயாளி அல்லர்.

இது வெறும் கற்பனை அன்று. மைக்கேல் கிங், தினேஷ் புக்ரா ஆகியோர் வட இந்தியப் பள்ளி மாணவியரிடம் இச்சோதனையை நடத்தி, 1989இல் முடிவை வெளியிட்டனர். சுமார் 29 விழுக்காட்டினர் எல்லை மதிப்பெண்ணைத் தாண்டினர். ஆயினும் சில வினாக்களை மாணவியர் வேறு பொருளில் புரிந்துகொண்டதும், விரதம் போன்ற வழக்கங்களும் மதிப்பெண்ணை உயர்த்தியிருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர்.

சென்னை ஆய்வு

டி. என். சீனிவாசன், டி. ஆர். சுரேஷ், வசந்தா ஜெயராம் ஆகியோர் சென்னையில் மருத்துவ மாணவர்கள் 210 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் 31 பேரிடம், முழுமையான கோளாறு எனக் கூறும் அளவை எட்டாத ஒரு நிலை காணப்பட்டது. அதை 'உண்ணல் துயர நிலை' எனலாம். அதைக் கண்டறியத் தனி வினாத்தாள் ஒன்றையும் அவர்கள் உருவாக்கினர். இவ்வாய்வு 1998இல் வெளியானது. அயல்நாட்டு அளவுகோலை அப்படியே ஏற்காமல், இங்குள்ளவர்களிடம் காணப்பட்டதிலிருந்து அளவுகோலை அமைத்ததே இதன் சிறப்பு.

தழுவலின் தேவை

முறையான தழுவலில் வினாக்களை மொழிபெயர்த்து, மற்றொருவரைக் கொண்டு மூலமொழிக்கு மீண்டும் பெயர்த்து ஒப்பிடுவர். பின்னர் சிறு குழுவிடம் கொடுத்து, ஒவ்வொரு வினாவையும் எப்படிப் புரிந்துகொண்டனர் எனக் கேட்பர். சில வாரம் கழித்து அதே வினாத்தாளை மீண்டும் கொடுத்து, விடைகள் நிலையாக உள்ளனவா எனப் பார்ப்பர். இவற்றைச் செய்யாவிட்டால் விரதம் இருப்பவரை நோயாளி என்று கருத நேரும். உண்மையிலேயே துன்புறுபவர் விரதத்தின் பெயரால் பட்டினி கிடப்பதும் கண்ணில் படாமல் போகும்.