முப்பது வயது ஏன்?



கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு ஏன் 30 வயது என்று லப்பைக்குடிக்காட்டு மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள். நம் தமிழ்நாட்டுச் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது.

2000-ல் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற நர்சுகள் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் (வினிகரில் இருப்பதுதான்!) தடவிப் பார்த்தார்கள். வெள்ளையாக மாறினால் சந்தேகம். 2007-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது: சோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில், மற்றவற்றைவிட இந்நோயால் சாவு 35 சதவீதம் குறைவு.

சின்னப் பெண்களை விட்டது அலட்சியமல்ல. எச்.பி.வி. கிருமி தொற்றினாலும் பெரும்பாலோர் உடம்பே ஓரிரு ஆண்டில் அதை விரட்டிவிடும். போகாமல் தங்கிவிடுவதுதான் பல ஆண்டு கழித்துப் புற்றாகிறது. விரட்டிய உடம்புக்கும் மறுபடி தொற்றலாம். தடுப்பூசி தரும் காப்பு அதைவிடப் பலமானது.

30 தாண்டியும் கூச்சத்தில் போகாதவர்கள் நம் தெருவில் எத்தனை பேர்! இதே சோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.