நான்காவது சக்கரமும் ஒரு கேன்டீன் பையனும்

எனிக்மான்னு சொன்னதும் நமக்கு ஆலன் டூரிங்கும் பிளெட்ச்லி பார்க்கும்தான் ஞாபகத்துக்கு வரும். கணக்குப் புலிகள் மேஜையில் உட்கார்ந்தே போரை ஜெயிச்ச மாதிரி ஒரு பிம்பம். ஆனா 1942-இல் அந்தப் புலிகளே பத்து மாதம் கையைப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. ஏன்?

எனிக்மா பார்க்க டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். ஒரு எழுத்தை அழுத்தினா, உள்ளே இருக்கும் சக்கரங்கள் வழியா மின்சாரம் ஓடி, வேறொரு எழுத்துக்கான விளக்கு எரியும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் சக்கரம் நகர்றதால, அதே எழுத்து அடுத்த முறை வேறயா மாறிடும். 1942 பிப்ரவரி 1 அன்று, அட்லான்டிக்கில் இருந்த ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூணு சக்கரத்துக்குப் பதிலா நாலு சக்கர மெஷினுக்கு மாறின. பிரிட்டிஷ்காரங்களுக்கு அந்தச் செய்திகள் ஒண்ணுமே புரியல. கடலில் சரக்குக் கப்பல்கள் மூழ்கிக்கிட்டே இருந்தன.

அக்டோபர் 30 ராத்திரி. கிழக்கு மத்தியதரைக் கடலில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் யூ-559 என்ற நீர்மூழ்கியை மேலே வர வெச்சாங்க. ஜெர்மன் மாலுமிகள் வெளியே குதிச்சாங்க. உள்ளே தண்ணீர் ஏறிக்கிட்டிருந்தது. 'பெட்டார்ட்' கப்பலைச் சேர்ந்த ஆண்டனி ஃபாசன், காலின் கிரேசியர் ரெண்டு பேரும் நீந்திப் போய் உள்ளே இறங்கினாங்க. கேன்டீனில் வேலை பார்த்த டாமி பிரவுனும் போனான். வயசை ஏத்திச் சொல்லி வேலைக்குச் சேர்ந்த 16 வயசுப் பையன். அவங்க எடுத்துக் கொடுத்த புத்தகங்களை ஏணியில் நின்னு வாங்கி, மேலே சேர்த்தான். திடீர்னு நீர்மூழ்கி மூழ்கிடுச்சு. பிரவுன் தப்பிச்சான், மற்ற ரெண்டு பேரும் திரும்பல.

அந்தப் புத்தகங்களில் ஒண்ணு, வானிலைச் செய்திகளைச் சுருக்கி அனுப்புவதற்கான குறியீட்டுப் புத்தகம். அந்தச் செய்திகளை அனுப்பும்போது ஜெர்மானியர் நாலாவது சக்கரத்தை ஒரு நடுநிலையில் வெச்சிருந்தாங்க. அதாவது மெஷின் பழைய மூணு சக்கர மெஷின் மாதிரியே வேலை செஞ்சது. இந்த ஓட்டையைப் பிடிச்சு, டிசம்பர் 13-இல் பிளெட்ச்லி பார்க் மறுபடி உள்ளே நுழைஞ்சது.

ஃபாசனுக்கும் கிரேசியருக்கும் மரணத்துக்குப் பிறகு ஜார்ஜ் கிராஸ், பிரவுனுக்கு ஜார்ஜ் மெடல். 1945-இல் வீட்டில் தீப்பிடிச்சப்போ, தங்கையைக் காப்பாத்தப் போய் பிரவுன் இறந்துட்டான். அவங்க எடுத்துக் கொடுத்தது எதுக்கு உதவுச்சுங்கறது 1970-களில்தான் வெளியே தெரிய ஆரம்பிச்சது.

கணக்கு ஜெயிச்சது உண்மைதான். ஆனா அந்தக் கணக்குக்குத் தேவையான காகிதத்தை யாரோ ஒருத்தர் தண்ணிக்குள்ள இறங்கி எடுத்து வர வேண்டியிருந்தது.